மோடம் எடுத்த போன்

கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டை ஒட்டிய கடலைக் கொல்லையில் செவந்தியின் போர்வெல் இருக்கிறது. அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் போட்ட மோடம் ஒன்று உண்டு. கத்தாரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் தங்கமுத்து, அங்கிருந்தே தன் போனில் டேட்டா வழியாக அதைக் கூப்பிடுவான். மோடம் உடனே எடுக்கும். அவன் சொன்னபடி மோட்டார் ஓடும், நிற்கும்.

செவந்திக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. காலையும் மாலையும் அதைத் தவறாமல் கூப்பிடுகிற மனுஷன், அவளைக் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதுவும் சாப்பிட்டுக்கொண்டே. சக்களத்தியாக இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கலாம். தகரப் பெட்டியை என்ன செய்வது?

பெட்டியை மாட்டிய கோபிநாத்தை வரச்சொன்னாள்.

"அவரு கூப்பிட்ட ஒடனே தானா எடுக்குதே, அதை நிப்பாட்ட முடியுமா தம்பி?"

"ஒரு கமாண்ட் போட்டா போதும்க்கா. அப்பறம் ஒங்க போனுக்கு மெசேஜ் வரும். நீங்க சரின்னு அனுப்பினாத்தான் மோடம் எடுக்கும். ஆனா அண்ணன் திட்டுவாரே?"

"திட்டட்டும். திட்டவாவது என்னையக் கூப்பிடுவாருல்ல?"

கோபிநாத் லேப்டாப்பை மோடத்தில் இணைத்து ஒரு வரி அடித்தான்.

மறுநாள் காலை மெசேஜ் வந்தது. செவந்தி அதைப் பார்த்தபடியே தோசையைத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் வந்தது. அவள் அசையவில்லை. பிறகு போனே அடித்தது. புதன்கிழமையில் புருஷன் கூப்பிடுகிறான்! கையைத் துடைத்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு எடுத்தாள்.

"என்னாச்சு செவந்தி? பயந்தே போயிட்டேன்," என்றான் தங்கமுத்து.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"மோட்டாருக்கு என்னாச்சு? எடுக்கவே மாட்டேங்குது."

"அதுக்கு ஒங்ககிட்டப் பேசப் பிடிக்கலையாம்," என்று சொல்லிப் போனை வைத்தாள் செவந்தி.