இளவரசிக்கு மட்டும் முகம் இல்லை

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, நான் சீக்கிரம் இளவரசியாகப் போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, வீட்டில் உட்கார்ந்து படக்கதைப் புத்தகம் ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். அந்தக் கதையில் ஓர் இளவரசி வந்தாள். வீட்டில் இருந்த ஒரே சிறுமி நான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அத்தை சென்னையில் ஓவியம் படித்துவிட்டு மணலூர்பேட்டைக்குத் திரும்பி வந்திருந்தாள். ஊரில் அவளை ஓவியர் என்று யாரும் மதிக்கவில்லை. பாத்திரத்தில் பெயர் எழுதித் தரச் சொல்லியும், டிராக்டருக்குப் பின்னால் மயில் போட்டுத் தரச் சொல்லியும் வருவார்கள். அவள் வரைந்துகொண்டிருந்த கதைக்கு 'அருவியைக் குடித்த பூதம்' என்று பெயர். கல்வராயன் மலையில் ஒரு பூதம் அருவியை மொத்தமாகக் குடித்துவிடுகிறது. கீழே ஆறு வற்றிப்போகிறது. ஓர் இளவரசி மலையேறிப் போய்ப் பூதத்தைத் துப்பவைக்கிறாள். கதை பதிப்பகத்தாருக்குப் பிடித்துவிட்டது. படங்களை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பூதம் கொலு பொம்மை மாதிரி இருக்கிறதாம், உயிரே இல்லையாம், மறுபடி வரையச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் திரும்பி வந்தால் கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்குப் போய்விடுவதாக அத்தை அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். காதுகுத்து பேனரில் மாமன்மார்களின் முகங்களை வெட்டி ஒட்டும் வேலை அது. அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

முதலில் ஒரு தாளில் தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் கட்டமாக எதையோ கிறுக்கினாள். முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது என்றாள். எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் பெரிய தாளில் வெளிர்நீலப் பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். ஒரு கை வரைவதற்குப் பத்துக் கை வரைந்தாள். அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"ஒரு கைய போடுறதுக்கு இத்தினி கோடா? ஒரே கோடா போட்டா பென்சிலு மிச்சமாவும்ல?"

"எந்தக் கோடு சரின்னு போட்டுப் பாத்தாதான் அண்ணி தெரியும்" என்பாள் அத்தை.

ராஜா குதிரையில் வருகிற பக்கத்துக்கு அப்பாவைப் பிடித்தாள். எங்கள் ஊரில் குதிரைக்கு எங்கே போவது? அய்யனார் கோயில் குதிரை அசையாது. ஆகவே வாசலில் மொபட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அப்பாவை அதன்மேல் உட்காரவைத்து, கையில் முழுக் கரும்பு ஒன்றை ஈட்டியாகக் கொடுத்தாள். அப்பா ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். அந்தக் கோலத்தில் அசையாமல் இருந்தபோது பால்காரர் வந்துவிட்டார்.

"இன்னாங்க, கரும்ப தூக்கிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் போவல. குதிர மேல கீறேன்" என்றார் அப்பா, உதட்டை அசைக்காமல்.

அம்மா மகாராணி. ஆறு வற்றியதற்காக அழ வேண்டும். அம்மாவுக்கு அழுகையே வரவில்லை. அப்பாவையும் மொபட்டையும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். கடைசியில் வெங்காயம் கொண்டுவரவேண்டியதாயிற்று.

இப்படி ஒவ்வொருவருக்கும் வேஷம் கிடைத்தது, என்னை மட்டும் கூப்பிடவில்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ராஜாவுக்கு அப்பாவின் மூக்கு வந்திருந்தது. ராணிக்கு அம்மாவின் கொண்டை வந்திருந்தது. இளவரசிக்கு மட்டும் முகமே இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரு முட்டை, அதன்மேல் ஒரு கூட்டல் குறி.

"இன்னா அத்த, இவளுக்கு மூஞ்சியே காணோம்?"

"இளவரசிக்குக் கடைசிலதான் மூஞ்சி. பொறுமையா இரு."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி வாக்குக் கொடுக்க முடியுமா? அந்த முட்டைகள் அத்தனையும் எனக்காகத்தான் காத்திருக்கின்றன என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து அத்தை எதிரிலேயே கிடந்தேன். பவுடர் பூசி, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்காருவேன். அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விடுவாள். கொஞ்ச நேரம் பொறுப்பேன். அப்புறம் கோபம் வந்துவிடும். காலை உதைத்துக்கொண்டு கத்துவேன். அப்போதுதான் அவள் ஒரு சின்னத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மும்முரமாக வரைய ஆரம்பிப்பாள். ஒருத்தி இங்கே தொண்டை கிழிய அழுகிறாள், அவள் தன் வேலையைப் பார்க்கிறாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். கட்டிலுக்கு அடியில் போய் முறைத்துக்கொண்டு படுத்துக்கொள்வேன். அத்தை தரையில் கன்னத்தை வைத்துக் குனிந்து பார்ப்பாள். சமாதானம் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைப்பேன். அப்போதும் அவள் கையில் பென்சில் இருக்கும்.

நடுநடுவே பாசமும் உண்டு. ஒருநாள் ஒரு தூக்கு நிறையக் கரும்புச்சாறு வாங்கிவந்தாள். நான் சொம்பில் ஊற்றிக் கன்னம் உப்ப, கடைவாயில் ஒழுக ஒழுகக் குடித்தேன். "இன்னொரு சொம்பு குடி, என் தங்கம்" என்றாள். இளவரசி வேஷம் உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது சொம்பையும் குடித்துத் தீர்த்தேன்.

அருவியை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். நான் ஏற்பாட்டோடு போனேன். அம்மாவின் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, இனிப்புப் பெட்டியின் ஜரிகைத் தாளில் கிரீடம் செய்து வைத்துக்கொண்டேன். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். அருவிக்குப் போனதும் ஒரு பாறைமேல் ஏறி, கையை இடுப்பில் வைத்து, "அத்த, இப்ப வரை!" என்று கூவினேன்.

பாறை பாசி பிடித்திருந்தது. அடுத்த நிமிஷம் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் கிரீடம் சுற்றிச் சுற்றி ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. அந்த மலையே அதிரும்படி அலறினேன். வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பித் துப்பி அலறினேன். அப்பா ஓடிவந்து ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.

"தூக்காதண்ணா! ரெண்டே நிமிஷம்!" என்று அத்தையின் குரல் கேட்டது.

அப்பா திகைத்து நின்றார். "புள்ள தண்ணில கெடந்து கத்துது, இன்னா வரைஞ்சிக்கினு கீற நீ?"

"அப்பிடியே வுடுண்ணா. ரெண்டே நிமிஷம்."

அத்தையின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று எண்ணிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்ததோ அருவியில்.

திரும்பி வந்ததும் அவளுக்கு ஆவேசம் பிடித்துக்கொண்டது. நீலக் கிறுக்கலைத் தடித்த தாளில் சுத்தமான பென்சில் கோடாக மாற்றினாள். அதன்மேல் நிப்பைக் கறுப்பு மையில் தொட்டுத் தொட்டுக் கோடு இழுத்தாள். இருட்டு வருகிற இடங்களைத் தூரிகையால் நிரப்பினாள். மை காய்ந்ததும் அடியிலிருக்கும் பென்சிலை அழிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். இடது கையால் தாளை அமுக்கிப் பிடித்து, ரப்பரை ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் கசங்கிவிடும், தூளைக் கையால் தொடாமல் கோழியிறகால் தள்ள வேண்டும். நான் வெகு ஒழுங்காகச் செய்தேன். பூதம் வருகிற பக்கங்களில் மட்டும் கூடுதலாகத் தேய்த்தேன். அந்தப் பூதத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொப்பையும் பல்லும், காதோரம் வளைந்து தொங்குகிற கொம்பும்! அதன் அடியில் இருந்த பென்சில் கோடுகளில் கொம்பும் இல்லை, பல்லும் இல்லை. சின்னதாக ஒரு மூக்கும் துருத்திய உதடும் இருந்தன. அரைகுறைக் கிறுக்கல் என்று நினைத்து அதைச் சுத்தமாக அழித்தேன். "உன்ன மாதிரி யாராலயும் அழிக்க முடியாது" என்று அத்தை மெச்சினாள்.

கடைசியாக முட்டைகளுக்கு முகம் வந்தது. நீளக் கண், கூரான மூக்கு, எல்லாக் கட்டத்திலும் ஒரே புன்னகை. சோப்பு உறையில் இருக்கிற பெண் மாதிரி இருந்தாள். நான் இல்லை.

அன்றைக்கு நான் கத்தவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் பென்சில் இல்லை.

"நல்லா பாரு பாப்பா. எல்லாப் பக்கத்துலயும் நீதான் கீற."

எல்லாப் பக்கத்தையும் பார்த்தேன். கூட்டத்தில் நிற்கிற குடியானவர்களைக்கூட விடாமல் தேடினேன். எங்குமே நான் இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்காக அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

புத்தகம் இந்தத் தடவை திரும்பி வரவில்லை. அச்சாகி வந்தது. அத்தை ஃபிளெக்ஸ் கடைக்குப் போகாமல் தப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் நீ எங்கே என்று கேட்பார்களே என்று பயந்துகொண்டே போனேன். யாருக்கும் இளவரசியைப் பற்றி நினைப்பே இல்லை. எல்லோருக்கும் பூதத்தின்மேல் பைத்தியம். பையன்கள் மண்ணில் புரண்டு பூதம் மாதிரி அழுது காட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு வந்து, "அந்தப் பூதம் அசிங்கம், அதுக்குப் போயி இப்படி ஆடுறாங்க" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

அத்தை இப்போது புதுச்சேரியில் இருக்கிறாள். டேப்லெட்டில்தான் வரைகிறாள், ரப்பரே தேவைப்படுவதில்லை. போன மாதம் வீடியோவில் அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, ஈரத்தரையில் உட்கார்ந்து அலற ஆரம்பித்தாள். ஆண்டு விழாவில் அவளுக்கு மயில் வேஷம் தராமல் மரம் வேஷம் தந்துவிட்டார்களாம். நான் போனும் கையுமாக ஓடிக் குனிந்தேன்.

"தூக்காத! ரெண்டே நிமிஷம். போன அவ பக்கம் திருப்பு."

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மகளைப் பார்த்தேன். கீழுதடு வெளியே துருத்திக்கொண்டு, மூக்கு விடைத்து, வாயில் போன தண்ணீரைத் துப்பித் துப்பி அழுதாள். மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை நனைந்து காதோரம் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கியது. இந்தப் பூதத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கரும்புச்சாறு குடித்ததிலிருந்து அருவியில் அலறியது வரைக்கும், பூதத்தின் முகம் அத்தனையும் என்னுடையது. இளவரசிக்குக் கடைசி வரை ஒரே முகம், எனக்கோ பக்கத்துக்கு ஒன்று. அந்த முகங்களை நானே இடது கையால் அமுக்கிப் பிடித்து, ஒரே பக்கமாகத் தேய்த்து, கோழியிறகால் தள்ளி, வாசலில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். அதற்குப் பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன்.

"வரைஞ்சாச்சி" என்றாள் அத்தை போனுக்குள்ளிருந்து. "இப்ப தூக்கிக்கோ."