இடப்பக்கம் நின்றவள்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான் என்ன செய்கிறேன் என்று அப்பாவுக்கு விளங்கவைக்க மூன்று வருடமும் முயன்றேன். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே கேட்பார்.

"கூடையில போடறது நீயில்லயா கண்ணு?"

"இல்லப்பா. போடறவளுக்கு நான் பந்தக் குடுப்பேன். அவ போட்டுட்டா, குடுத்ததுக்கு எனக்கு ஒன்னு. அதுக்குப் பேரு அசிஸ்ட்."

"அவ போடாம உட்டுட்டா?"

"எனக்கும் இல்ல."

"அப்ப அவ கையிலதான் உன் பேரு இருக்குது" என்றார். பி.டி. மேடம்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்த 'அவள்' புளியஞ்சோலைப் பக்கத்துப் பெண். மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு அது மறுபக்கத்து அடிவாரம். காட்டு வழியாக இறங்கினால் அரை நாளில் அவள் ஊர். பஸ்ஸில் போனால் சுற்றிச் சுற்றி ஒரு முழுநாள். விடுதியில் சேர்ந்த முதல் வாரம், "உங்க மலையப் பாத்துக்கிட்டேதான் தெனமும் பல்லு வெளக்குவேன்" என்று சொல்லித்தான் என்னிடம் பேச்சை ஆரம்பித்தாள்.

உடற்கல்வி அறைச் சுவரில் ஒரு பச்சைப் பலகை உண்டு. கல்லூரியின் சாதனைகளை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். அதிகப் புள்ளிகள் எடுத்தவர், அதிக அசிஸ்ட் கொடுத்தவர் என்று, எங்களுக்கு வெகுமுன்னால் படித்துப் போன அக்காக்களின் பெயர்கள். இரண்டாம் வருடக் கடைசியில் எங்கள் எண்களைக் கூட்டிப் பார்த்தோம். அடுத்த வருடம் புள்ளியில் அவளும் அசிஸ்டில் நானும் அந்த அக்காக்களைத் தாண்டிவிடலாம்போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. விடிவதற்குள் மைதானத்தில் இருப்போம். நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் பந்தை விடுவேன். அவள் அங்கே இருப்பாள். திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே வந்ததில்லை.

நாங்கள் மூன்றாம் வருடம் போனபோது முதலாமாண்டில் ஒரு நெட்டைப் பெண் வந்து சேர்ந்தாள். எங்கே நின்று எறிந்தாலும் கூடைக்குள் விழும். நல்ல பெண்தான். என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருவாள், சாப்பிட்டால் என் தட்டையும் சேர்த்துக் கழுவிவைப்பாள். பி.டி. மேடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இனிமே பந்து அவ கைக்குப் போகணும்."

போனது. என் எண் மளமளவென்று ஏறியது. என் தோழியின் எண் நகர மறுத்தது. ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "உனக்கு இன்னும் எத்தன வேணும்?" என்று கேட்டாள். சொன்னேன்.

"வந்துரும்டி."

அவளுக்கு எத்தனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது எனக்கு ஐந்து பாக்கி. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அது ஒன்றாகியிருந்தது. அவளுக்கு இன்னும் இரண்டு கூடை. அன்று அவளுக்குக் கை ஓடவில்லை, நிறைய விட்டிருந்தாள். பந்து என்னிடம் வந்தது. இடப்பக்கம் அவள் கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றாள், மறிக்க ஆளில்லை. வலப்பக்கம் நெட்டைப் பெண், அவளுக்கு முன்னால் எதிரணிக்காரி ஒருத்தி. வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு வலப்பக்கம் கொடுத்தேன்.

விழுந்தது.

அதற்குப் பிறகு என் தோழி ஒரு கூடை போட்டாள். இன்னொன்றுக்கு நேரமில்லை. விசில் ஊதியதும் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டது அவள்தான். "கெட்டிக்காரிடி நீ" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தோளிலேயே என் முகத்தை வைத்திருந்தேன்.

பலகையில் என் பெயரை எழுதியபோது நான் மலைக்கு வந்துவிட்டிருந்தேன். போட்டோ எடுத்து அனுப்பியதும் அவள்தான். பிறகு போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மணி அடித்து ஓயும்வரை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு பொங்கலோடு அதுவும் நின்றது.

எனக்குத் தபாலாபீசில் வேலை கிடைத்தது. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போகிறேன். மழை விட்ட காலைகளில் துறையூர்ப் பக்கம் சமவெளி தெளிந்து கிடக்கும். வண்டியை நிறுத்தி அவள் ஊர் எதுவாக இருக்கும் என்று தேடுவேன். அவள் கல்யாணமாகித் திருப்பூர் போனது தெரிந்த பிறகும் தேடினேன். ஆறு வருடம் அப்படியே போயிற்று.

போன வருடம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "ஞாயித்துக்கெழம வாசலூர்பட்டி போட் ஹவுஸுக்கு வாரோம். நீ வாரியா?"

எங்கள் மலையிலேயே இருக்கும் அந்த ஏரிக்கு அன்று சீக்கிரமே போய்விட்டேன். அவள் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போக, நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்தோம். வாங்கிய மிளகாய் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"கடைசி மேட்ச்சுல நீ கை தூக்கிட்டு நின்னத நான் பாத்தேன்" என்றேன்.

"நீ பாத்தத நானும் பாத்தேன்."

நான் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"எனக்குக் குடுத்திருந்தாப் போட்டிருப்பனான்னு தெரியல. போட்டிருப்பேன்னே நெனச்சு ரெண்டு மாசம் அழுதேன். அது தீந்துபோச்சு. ஆனா நான் போன் பண்ணப் பண்ண நீ எடுக்கலியே, அது இன்னும் தீரலடி."

"பயமா இருந்துச்சு."

"நான் திட்டுவேன்னா?"

"திட்டாம இருந்துருவியோன்னு."

அவள் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அதற்குள் படகு கரைக்கு வந்துவிட்டது. மதிய பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கணவர் அவசரப்பட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். முழுப்பரீட்சை லீவுக்கு வருகிறேன், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ரெண்டு பேரும் ஆடுவோம் என்றாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு தரவில்லை. தீபாவளிக்கு என்றாள், மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. நான் திருப்பூருக்குக் கிளம்பிய வாரம் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. பேச எதுவும் மிச்சமில்லாத பிறகும் நாங்கள் போனை வைப்பதில்லை. அவள் மகள் வந்து பிடுங்கும்வரை அப்படியே இருப்போம்.