பாலவனத்தத்தில் பெய்தால் முக்கால் மணி நேரம்

பங்குனியில் காளீஸ்வரி சொன்ன ஒரு வார்த்தையால் ஊர் ஒரே நாளில் இரண்டு தடவை கெட்டது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. பறித்த மிளகாய்ப்பழத்தை ஊருக்கு வெளியே பொதுக் களத்தில் விரித்துக் காயப்போடுவார்கள். மழையில் நனைந்தால் அழுகும். மழைக்குப் பயந்து ஈரப்பழத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினாலோ, புழுக்கத்தில் வெந்து வெளுத்துப்போகும். ஆகவே வராத மழையைச் சொல்வதும், வரப்போகும் மழையைச் சொல்லாமல் விடுவதும் அங்கே ஒரே குற்றம்தான்.

அன்றைக்குக் காளீஸ்வரி இரண்டையும் செய்தாள். விடியக்காலையில் மழை என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் சொன்னாள். எல்லோரும் மூடினார்கள். மதியம் வரை ஒரு சொட்டு விழவில்லை. அவளைத் திட்டிக்கொண்டே திறந்து விரித்தார்கள். நாலு மணிக்கு ஊற்றியது.

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இயற்பியல் படித்தாள். சென்னையில் கடலோரப் புறநகர் ஒன்றுக்கு மட்டும் வானிலை சொல்லும் சின்ன நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். அங்கே இரவில் கடல்மேல் மேகம் தெரிந்தால், விடிவதற்குள் மொட்டைமாடித் துணியெல்லாம் நனைந்துவிடும். நிறுவனத்தை மூடியதும் ஊர் திரும்பியவள் அந்தக் கணக்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். இந்தப் பக்கம் கோடை மழை மேற்கேயிருந்து, வெயில் இறங்கும் நேரத்தில்தான் வரும். பள்ளிக்கூடமே போகாத அவள் அய்யா நல்லமுத்துவுக்கு அது தெரியும். அப்படியானால் தான் படித்தது எதற்கு?

பல நாள் இந்தக் கேள்வி அவளை விடவில்லை. பிறகுதான் ஒன்று பிடிபட்டது. மேற்கேயிருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பது யாருக்கும் தெரியாது.

அவளோடு படித்த சுகந்தி, மேற்கே இருக்கும் பாலவனத்தம் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அங்கே தூறல் விழுந்ததும் போன் பண்ணும்படி காளீஸ்வரி அவளிடம் கேட்டுக்கொண்டாள். அடுத்த மாதத்துக்குள் ஐந்து மழை வந்தது. ஐந்து தடவையும் அங்கே பெய்து முக்கால் மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் முன்னே பின்னே, இங்கே பெய்தது. சென்னையில் பத்து வருடத்துப் பதிவுகளை வைத்துப் பேசுவார்கள். இவள் கையில் ஐந்தே ஐந்து மழை. இதை அறிவு என்பதா, அதிர்ஷ்டம் என்பதா?

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கே வானம் முழுக்க மூடிக்கொண்டது. களத்தில் பறித்து இரண்டே நாளான பழம். ஆளாளுக்குக் குவிக்க ஓடினார்கள். காளீஸ்வரி வானத்தைப் பார்த்தாள், போனில் ரேடார் படத்தைப் பார்த்தாள். மேலே நின்றது உயரத்து மேகம். அது பெய்யாது, புழுங்க மட்டும் வைக்கும். குழுவில் பேசி அனுப்பினாள்: “யாரும் மூடாதீங்க. சாயங்காலம் மழை இருக்கு. அதுக்கு முக்கா மணி நேரம் முன்னாடி நானே சொல்றேன்.”

பதிலுக்கு இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள்.

நல்லமுத்து தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி மகளைக் கேட்டார். “நெசமாத் தெரிஞ்சு சொல்றியா, வாய்க்கு வந்தது சொல்றியா?”

“பத்துக்கு எட்டு சரியா இருக்கும்யா. ரெண்டு தப்பும்.”

“நான் வெதச்சா பத்துக்கு அஞ்சுதான் தேறுது. நீ எட்டுங்கிற” என்று அவர் தார்ப்பாயை மடித்துக் கீழே போட்டார்.

பக்கத்தில் மொக்கையன் பாதிப் பழத்தைக் குவித்து மூடியிருந்தார். “ஏலே நல்லமுத்து, ஒரு தடவ நனஞ்சது பத்தலையா?” என்றார். சொல்லிவிட்டு மீதிப் பாதியின் முன்னால் தயங்கி நின்றார். மூடவும் மனமில்லை, நம்பவும் மனமில்லை. கடைசியில் அதை அப்படியே விரித்து விட்டுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கையை நிறுத்தினார்கள்.

பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி. மழை இல்லை. காளீஸ்வரி போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. இரண்டே முக்காலுக்குச் சுகந்தி போன் செய்தாள்.

“ஏடி, இங்க கொட்டுதுடி. பேப்பரெல்லாம் நனையுது.”

களத்தில் நிற்பவர்கள் போனைப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். காளியம்மன் கோயிலுக்கு ஓடி மைக்கைப் பிடித்தாள். மூன்றரைக்கு மழை, இப்போதே குவியுங்கள் என்றாள். அரை மணி நேரத்தில் களம் முழுவதும் தார்ப்பாயாகி, ஓரங்களில் கல் ஏறியது. மூன்று முப்பத்திரண்டுக்கு முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மழை.

மறுநாள் காலையில் தார்ப்பாய்களை விலக்கினார்கள். நல்லமுத்துவின் பழம் ரத்தச் சிவப்பாக இருந்தது. மொக்கையனின் பழத்தில் ஒரு பாதி சிவப்பு, முந்தின நாள் முழுக்க மூடிக் கிடந்த மறுபாதி வெளுப்பு. ஊரே வரிசையாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது. மொக்கையன் இரண்டிலும் ஒவ்வொரு கை அள்ளிக்கொண்டு காளீஸ்வரியிடம் வந்தார். நாலு பேர் முன்னால் அவளைக் ‘கடக்கரை ஜோசியம்’ என்று கிண்டல் செய்தவர் அவர்தான்.

“தாயி, இன்னைக்கு மூடவா, விரிக்கவா?”

“பதினோரு மணிக்குச் சொல்றேன் பெரியப்பா. இப்ப எனக்கே தெரியாது.”

வானம் மறுபடியும் மூடிக்கொண்டுதான் இருந்தது. பதினோரு மணி வரை அந்தக் களத்தில் ஒருவரும் தார்ப்பாயைத் தொடவில்லை.