காதடியில் ஒரு விரல் அகலம்

எங்கள் சலூனில் இரண்டே நாற்காலி. ஒன்றில் அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், வேலை பார்ப்பார். மற்றது என்னுடையது. அவருக்கு அறுபத்தெட்டு, எனக்கு அறுபத்திரண்டு. அவருக்குக் கத்தியைவிட வாய் கூர்மை. வழுக்கைத் தலைக்காரர் வந்து உட்கார்ந்தால், "வெட்டவா, தேடவா?" என்பார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ரத்த அழுத்தம் அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் விழுங்கினோம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பிறகு எதற்கு என்று அத்தான் நிறுத்தினார். நான் மட்டும் இளிச்சவாயனா? நானும் நிறுத்தினேன்.

மழைக்காலத்தில்தான் கவனித்தேன். அவரிடம் சவரம் செய்துகொண்டவர்களுக்கு இடது காதடியில் ஒரு விரல் அகலத்துக்கு முடி மிச்சம் இருந்தது. கண் மங்குகிறது போல என்று நினைத்தேன். கடைப் பெயர் கெடக்கூடாதே என்று, முகம் துடைக்கிற சாக்கில் அந்த இடத்தை நானே வழித்துவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பிறகு அவர் பேச்சு குறைந்தது. காலைத் தேய்த்து நடந்தார். பூட்டிய கடையை மறுபடி பூட்டப் போனார். அதையெல்லாம் அக்காவிடம் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் வாத்தியார் ஒருவரின் காது மடலில் கத்தி இறங்கிவிட்டது. ரத்தம் கழுத்துக்கு வழிந்தும் அத்தான் பாட்டுக்கு வழித்துக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாளே அக்காவும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையில் மூன்று பழைய தழும்புகளைக் காட்டினார். அடங்காத அழுத்தத்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைத்து, அந்தந்த இடம் செத்துவிட்டதாம். வலியே தெரியாதாம். நினைவும் நடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம். பெரிய பக்கவாதமும் பின்னால் வரலாமாம். இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீதானேடா பக்கத்துலயே நின்னே?" என்றாள்.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அன்றைக்கே அத்தானிடமிருந்து கத்தியை வாங்கிவிட்டேன். இப்போது தினமும் காலையில் அவரை அவர் நாற்காலியிலேயே உட்காரவைத்து நான்தான் சவரம் செய்கிறேன். மாத்திரையும் என் கையால்தான் கொடுக்கிறேன். என்னுடையதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே.

நேற்று சவரம் முடித்து அவர் முகத்தைத் துடைத்தேன். அத்தான் கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது காதடியைத் தொட்டுக் காட்டினார்.

"மச்சான், இங்க விட்டுட்டியே."

விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்துக்கு முடி இருந்தது.