பன்னிரண்டாம் தட்டுக்குப் பிறகு

என் அக்காவின் விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டு, மாடிப்படிக் கைப்பிடி, பஸ்ஸில் முன்சீட்டின் முதுகு, எதுவும் அவள் தாளத்துக்குத் தப்பாது. "கை அரிக்குதுன்னா தேய்க்கப் பாத்திரம் கிடக்கு" என்பாள் அம்மா. சின்ன வயதில் மேளம் கற்றுக்கொள்ள அக்காவுக்கு ஆசை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்; ஆசையைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்கு டீச்சர் ஆனாள். அவள் வேலை பார்த்த பள்ளியிலேயே நான் மொழிப்பாடம் எடுத்தேன்.

போன வருஷம் இருவரும் சேர்ந்து ஆறாம் வகுப்புக்குக் கணக்கையும் மொழியையும் கலந்து ஒரு வகுப்பு எடுத்தோம். வரிகள் எழுதச் சொன்னேன். ஒரு சொல்லுக்கு மேஜையில் ஒரு தட்டு என்றாள் அக்கா. பஸ் டிரைவரின் மகள் இரண்டு வரி எழுதினாள். ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, "பஸ் இன்னும் வரல." சுவர்ப் பக்கத்துக்கு, "அப்பா இன்னும் வீட்டுல தூங்குறார்." வகுப்பே சிரித்தது. இரு பக்கமும் ஒன்றாக ஆரம்பித்து, மேஜையைத் தட்டியபடி திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"மூணு சொல் வரியும் நாலு சொல் வரியும் எத்தனாவது தட்டுல ஒண்ணா முடிஞ்சு கைகோத்துச்சு?" என்றாள் அக்கா.

"பன்னெண்டுல மிஸ்."

"அதான் மீச்சிறு பொது மடங்கு. பயந்தீங்களே, கடிச்சுதா?"

டிரைவர் மகள் விடவில்லை. "கதை முடியலையே மிஸ். பஸ் வந்துச்சா இல்லயா?"

"அடுத்த வரிய ரெண்டு பக்கமும் சேர்ந்து சொல்லணும். அத நான் எழுதித் தரேன்."

மதிப்பெண் குறைந்தால் இந்த வகுப்பு கிடையாது என்று சொல்லித்தான் தலைமை ஆசிரியர் அனுமதித்திருந்தார். பரீட்சை அன்று வேறொருவர் மேற்பார்வை. மீச்சிறு பொது மடங்குக் கணக்கு வந்ததும் பிள்ளைகள் மெல்ல மேஜையைத் தட்டினார்கள். விடையைச் சைகையில் கடத்துகிறார்கள் என்று நினைத்து, எழுதாத கையை மடியில் வைக்கச் சொல்லிவிட்டார். பாதிப் பேர் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

"தட்டாம கணக்கு வராதுன்னா அது என்னம்மா படிப்பு?" என்றார் தலைமை ஆசிரியர்.

அக்கா வெளியே வந்தாள். வராந்தாவில் என்னிடம், "அவர் கேட்டது நியாயம்தானேடா?" என்றாள்.

"நீ மட்டுமா எடுத்த? நானும்தான்."

"நீ வரி கேட்ட. தட்டச் சொன்னது நான்."

கணக்கைச் சொல்லிக்கொடுத்தோமா, ஊன்றுகோலை மட்டும் கொடுத்தோமா? ஊன்றுகோலில் நடப்பதும் நடைதானே என்று ஒருநாள் தோன்றும். மறுநாள் அதுவே சப்பைக்கட்டாகப் படும்.

வகுப்பு நின்றது. வருஷக் கடைசியில் அக்கா வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். டிரைவர் மகள் என்னைப் படிக்கட்டில் மறித்தாள். "மிஸ் வரி தரேன்னாங்களே சார்?"

அக்காவிடம் சொன்னேன். "பஸ் வந்துச்சுன்னு எழுதினா பொய் மாதிரி இருக்குடா. வரலன்னு எழுத மனசு வரல" என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் அவள் விரல்கள் ஓடின, பன்னிரண்டாம் தட்டில் நின்றன. நாளைக்கும் அந்தப் பெண் படிக்கட்டில் நிற்பாள்.