சோதனைச் சாவடியில் மரத்தூள்

திருப்பதியில் குடியேறும் தமிழ்நாட்டுக்காரன் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லக் கூடாது: சொந்த ஊர் ஜவ்வாது மலையடிவாரம், வேலை மரத்தில். அலிபிரிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எனக்காகக் கொண்டுவந்த காபியை அவர் அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். செம்மரம் வெட்டக் கூலிக்கு வந்து மாட்டிக்கொண்ட எங்கள் பக்கத்து ஆட்களின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை வெட்டுவது அல்ல, பிரிப்பது. மரத்துக்குள் லிக்னின் என்று ஒரு பசை இருக்கிறது. நார்களை ஒட்டிப் பிடித்து மரத்தை நிமிர்த்தி வைப்பது அதுதான். மரத்தூளை மெத்தனாலில் போட்டு, நிக்கல் வினையூக்கி சேர்த்து, இரும்புக் கலத்தில் இறுக மூடிச் சூடாக்கினால் அந்தப் பசை உடைந்து எண்ணெயாக வந்துவிடும். கலத்தைத் திறந்தால் கிராம்பு வாசம். வாசனைப் பொருளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்த எண்ணெய்தான் மூலப்பொருள். வினையூக்கியோ, கூட்டுக் குடும்பத்தைச் சண்டையில்லாமல் பிரித்துவிட்டு, தனக்கென்று ஒரு கரண்டிகூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போகும் பஞ்சாயத்துக்காரர் மாதிரி. இத்தனை வருஷம் பழகியும் எனக்கு அவர்மேல் ஆச்சரியம் தீரவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னதில்லை. பெரியப்பா மகன் குமார் அண்ணன் செம்மர வழக்கில் இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்து வந்தவர். "ஆந்திராவுல இன்னா வேலைன்னாலும் செய், மரத்த மட்டும் தொடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அம்மா என்னை அனுப்பினார். மருந்துக் கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலாவில் ஓர் அறுவை மில்லில் நாலு கிலோ வேப்பந்தூள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பாகாலா தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் வனக் காவலர் ஏறிப் பையைப் பிரித்தார். வேப்பமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை லேசாகச் சிவந்திருக்கும், தூளும் அப்படித்தான். ஆதார் அட்டையில் என் ஊரைப் படித்ததும் இறங்கச் சொன்னார்.

"இன்னாய்யா எத்துக்கினு போற?" என்றார். எங்கள் ஊர்த் தமிழேதான்.

"வேப்பந்தூள் சார். லேப்ல இதுலேந்து கெமிக்கல் எடுக்குறோம்."

"செம்மரத்துலயும் அதான எடுக்குறாங்க?"

அதுவும் உண்மைதான். ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தோம். விடுமுறை நாள், யாரும் எடுக்கவில்லை. "சரி, ஊட்டுக்குப் போடு, ஸ்பீக்கர்ல போடு" என்றார். நான் அம்மாவை அழைத்தேன். உங்கள் மகனுக்கு என்ன வேலை என்று கேட்டார் காவலர்.

"மருந்துக் கம்பெனியில கீறான் சார். மரத்தத் தொடவே மாட்டான், எங்கிட்ட சத்தியம் பண்ணிக்கிறான்!"

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அம்மா என்னை ஒழுங்காக மாட்டிவிட்டார். அண்ணனுக்கு நேர்ந்தது எனக்கும் நேரப்போகிறது என்றே நினைத்தேன். அப்போதுதான் காவலரின் மேஜைமேல் சானிடைசர் பாட்டிலைப் பார்த்தேன். செம்மரத்தின் சாயம் தண்ணீரில் இறங்காது, ஆல்கஹாலில் உடனே இறங்கும்.

"சார், செம்மரம் ஒரு துண்டு இருந்தாக் குடுங்க."

"உனக்குச் செம்மரம் வேற வேணுமா?" என்று முறைத்தார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சிறு சில்லு ஒன்றை டிராயரிலிருந்து எடுத்தார். இரண்டு பிளாஸ்டிக் தம்ளர்களில் சானிடைசரை ஊற்றினேன். வேப்பந்தூள் போட்டது வெளிறிய டீத்தண்ணிபோல நின்றது. சில்லைச் சுரண்டிப் போட்டதில் ரத்தச் சிவப்பு இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்ளர் முழுக்கப் பரவியது. செம்மரத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயமெல்லாம் எங்கோ போய், இதை என் கலத்தில் போட்டால் என்ன வரும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். காவலரும் குனிந்து பார்த்தார். "இத்தினி வருசமா புடிக்கிறேன், இத்தப் பாத்ததில்லையே" என்றார். தூளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பெயரையும் ஊரையும் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அம்மாவுக்குப் போட்ட போனை இன்னும் துண்டிக்கவில்லை என்று தெரிந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "எங்கிட்டயே பொய் சொல்லிக்கினு இருந்தியா?" என்று அழுதார். பக்கத்தில் இருந்த குமார் அண்ணன் போனை வாங்கினார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"சின்னம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், உடு" என்றார். பிறகு கேட்டார்: "நெசமாவே செம்மரத்தப் பாத்தியாடா?"

"ஆமாண்ணே."

"என்னைப் பஸ்ஸுலயே புடிச்சிட்டாங்க. மலைக்கே போவல. நான் அந்த மரத்தப் பாத்ததேயில்ல. எப்பிடிடா இருக்கும்?"

பஸ் திருப்பதிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தெலுங்குப் பேச்சு. மடியில் மரத்தூளை அணைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அண்ணனுக்கு அந்தச் சிவப்பைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.