வழி சொல்லாத விளையாட்டு

ஓட்டியது அவர். விழுந்தது நான். இனி வண்டியைத் தொடக்கூடாது என்று தடை போட்டதும் எனக்குத்தான். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் மழையில் ஒரு சாயங்காலம் என் ஸ்கூட்டரைக் கணவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கரமனைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவில் வண்டி வழுக்கியது. அவருக்கு முழங்காலில் பேண்ட் கிழிந்ததோடு சரி. எனக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. ஒன்பது வருடம் அதே வண்டியை ஓட்டிக் கிழக்கேகோட்டையில் உள்ள கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்வந்தவள் நான். ஒரு நாள்கூட விழுந்ததில்லை. கிள்ளிப்பாலத்தில் எந்தச் சாக்கடை மூடி ஆடும், எந்த வளைவில் பஸ்காரன் ஓரம் கட்டாமல் நடுரோட்டில் நிறுத்துவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? மாவுக்கட்டோடு வீட்டுக்குள் நுழைந்த அன்றே தீர்ப்பு வந்துவிட்டது.

“போதும். இனி உனக்கு வண்டி வேண்டாம். நானே கொண்டு விடுதேன்.”

எதில் கொண்டு விடுவது? வண்டியை அவரும் தொடவில்லை. மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் தினமும் ஆட்டோதான். என்னைக் கடை வாசலில் இறக்கி, நான் உள்ளே போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஆரியசாலையில் தான் வேலை பார்க்கும் பலசரக்கு மொத்தக் கடைக்குத் திரும்பி நடப்பார். சாயங்காலம் அதே வாசலில் வந்து நிற்பார். “சேட்டனு எந்தொரு ஸ்நேகமா!” என்று கடையில் கூட இருக்கும் மலையாளிப் பெண் உருகுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தெட்டு வயதில் எல்.கே.ஜி. பிள்ளையைப் போல வாசலில் இறக்கிவிடப்படுவதில் என்ன ஸ்நேகம் வேண்டிக்கிடக்கிறது?

இந்த எரிச்சலில் நான் இருந்தபோதுதான் நாகர்கோவிலிலிருந்து தம்பி வந்தான். மாவுக்கட்டு அவிழ்த்தபின் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை நான் அமுக்குகிற வேகத்தைப் பார்த்து அவனுக்கே பயம் வந்திருக்க வேண்டும். தன் பழைய லேப்டாப்பையும், இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தான்களை அழுத்துகிற கன்ட்ரோலர் ஒன்றையும் மேசைமேல் வைத்தான்.

“எக்கா, பந்தை அமுக்கதுக்குப் பதிலா இத அமுக்கு. இதுல ஒரு கேம் கெடக்கு. கொஞ்சம் மோசமான கேம்தான். ஆனா நீ விடமாட்ட.”

கொஞ்சம் மோசமா? அட கடவுளே. அவ்வளவு கேடுகெட்ட ஒரு பொருளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. உப்பு சுமக்கிற ஒரு பெண்தான் நம் ஆள். கிழிந்த சட்டை, காலில் செருப்பில்லை, மடியில் அரை ரொட்டி. ஒரு ஆற்றங்கரையில் கொண்டு நிறுத்திவிட்டு அதோடு கைகழுவிவிடுகிறார்கள். பெரிய உலகம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற விளையாட்டுகளில் வழியைக் காட்ட அம்புக்குறி வருமாம். இதில் ஒரு படகுக்காரன் “காய்ந்த மரத்தில் வடக்கே திரும்பு” என்கிறான். காய்ந்த மரம் அங்கே நூறு நிற்கிறது. ஏதோ ஒரு மரத்தில் திரும்பினேன். ஓநாய் வந்தது. செத்தேன். மறுபடி படகுக்காரன், மறுபடி “காய்ந்த மரத்தில்”. அவன் உதடு ஒரு பக்கம் அசைய, பேச்சு இன்னொரு பக்கம் வரும். பாதி நேரம் அவன் இடுப்பு வரைக்கும் படகுப் பலகைக்குள் புதைந்துபோய் நிற்பான். அவனுக்கே வழியில்லை, எனக்கு வழி சொல்கிறான்.

அதோடு விட்டதா? பசிக்கும். நனைந்தால் சளி பிடிக்கும். கதவைத் திறந்தால் சில நேரம் வீட்டுக்குப் பதில் வெறும் வானம் தெரியும். குதிரை ஒன்று சுவருக்குள் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு படுக்கை கிடைத்துத் தூங்கினால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். அதுவும் ஒரே ஒரு பதிவுதான். புதிதாகத் தூங்கினால் பழையது அழிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்த மூலிகையெல்லாம் ஒரு பன்றி முட்டியதில் போயிற்று. கன்ட்ரோலரைச் சோபாவில் விட்டெறிந்தேன். “நாசமாப் போக!” என்று நான் கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

தம்பிக்கு போன் போட்டுத் திட்டினேன். அவன் சிரித்தான். “அப்போ கேமைத் தூக்கிரட்டா?” என்றான். “கையை வச்சுப் பாருல!” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே திகைப்பாக இருந்தது.

ஏன் விடவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த விளையாட்டுக்கு என்மேல் அக்கறையே கிடையாது. அதுதான் விஷயம். நான் விழுந்தால் அது பதறாது, ஐயோ பாவம் என்று கதவைத் திறந்துவிடாது. ஆனால் வடக்கே திரும்ப வேண்டிய மரம் எதுவென்று கண்டுபிடித்த அன்றைக்கு, அதைக் கண்டுபிடித்தது நான். ஓநாய் தண்ணீருக்குள் வராது என்று தெரிந்துகொண்டதும் நான். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால்கூட “வை, வை, நான் எடுக்கேன்” என்று ஓடிவருகிற ஆளோடு இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொன்னால் புரியுமோ என்னவோ.

அப்படியே போய் ஒரு மலைப்பாதையில் மாட்டிக்கொண்டேன். பொன்முடி ரோடு மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. மேலே ஒரு ஊர் தெரிகிறது, அதன் வாசலும் தெரிகிறது. வழி நெடுக வெறிநாய்கள். ஓடினால் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள், நாய்கள் பிடித்துவிடும். நடந்தால் இருட்டிவிடும், இருட்டினால் வேறு ஏதோ வந்து பிடிக்கும். எல்லாம் தப்பினாலும் நாலாவது வளைவில் ஒரு படி இருந்தது. அதை அரைகுறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கால் வைத்தால் கல்லுக்குள் கால் போய்விடும். அப்புறம் மலைக்குள்ளேயே விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான், அடியே கிடையாது. விழும்போது “ஆ…” என்று ஒரு நீண்ட சத்தம் வேறு. தினமும் காலையில் குளிக்கப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்து ஒரு தடவை என்று நாற்பது தடவையாவது விழுந்திருப்பேன். அந்தச் சத்தம் கேட்டாலே கணவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டு பிடிக்காத ஆள், சத்தம் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் குளித்துவிட்டு வருகிறேன். மேசைமுன் அவர் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? ஊருக்குள்ள கொண்டு விட்டுட்டேன்.”

பார்த்தேன். திரையில் என் ஆள் மலைமேல் இருக்கிற ஊரில் ஒரு சத்திரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்க இரும்புக் கவசம், கையில் பளபளவென்று வாள். இன்டர்நெட்டில் தேடி ஏதோ குறுக்குவழி எழுத்துகளைத் தட்டியிருக்கிறார். நாயும் கடிக்காது, பசியும் எடுக்காது. போதாக்குறைக்குக் கட்டிலில் தூங்கவும் வைத்திருக்கிறார். என் பழைய பதிவு அழிந்துபோயிருந்தது.

“நான் உங்ககிட்ட கேட்டேனா?” என்றேன்.

“ஏட்டி, ஒரு ஹெல்ப்புக்குத்தான…”

“நான் கேட்டேனா? ஒரு மாசம் விழுந்து விழுந்து ஏறினேன். எந்தக் கல்லுல கால் வைக்கணும்னு இப்பத்தான் பிடிகிடைச்சுது. அதையும் புடுங்கியாச்சா? வண்டியப் புடுங்கியாச்சு, குடத்தப் புடுங்கியாச்சு, இப்ப இதையுமா? ஓட்டுனது நீங்க, விழுந்தது நான், வீட்டுல கட்டிப் போடுதது என்னையவா?”

ஈரத்தலையோடு அப்படியே நின்று கத்தினேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கன்ட்ரோலரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“எத்தன தடவதான் விழுவ? என்னால கேக்க முடியலட்டி.”

“விழுறது நான்தான? உங்களுக்கென்ன?”

“அன்னைக்கும் நீதான விழுந்த,” என்றார். “நீ கத்துனதக் கேட்டுக்கிட்டு நான் சும்மா நின்னுக்கிட்டுல்லா இருந்தேன்.”

மூன்று மாதத்தில் அந்த வளைவைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்காக என் மனசு இளகியது உண்மை. ஆனால் கோபம் இறங்கவில்லை, அதுவும் உண்மை. “உங்க பயத்துக்கு நான் எதுக்கு வீட்டுல கெடக்கணும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் சாப்பிடாமல் கடைக்குப் போனார். அன்றைக்கு நான் பஸ்ஸில் தனியாக வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து முதல் வேலையாக அந்தக் கவசக்காரியை அழித்தேன். மறுபடி ஆற்றங்கரை, கிழிந்த சட்டை, அரை ரொட்டி, பலகைக்குள் புதைந்த படகுக்காரன். இந்தத் தடவை காய்ந்த மரம் தெரியும், ஓநாயும் தெரியும். இருந்தும் அந்த மலையடிக்கு வந்து சேர மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நாய்கள் சரளைக்கல் மேல் கால் வைக்கத் தயங்குகின்றன என்று புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். சரளையை ஒட்டியே நடந்தேன், ஓடவில்லை. நாலாவது வளைவு வந்தபோது பின்னால் நாற்காலி அசைகிற சத்தம் கேட்டது. கணவர் வந்து நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை பின்கட்டுக்குப் போகவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

படியைத் தாண்டிக் குதித்தேன். என் ஆள் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

மேளதாளம் எதுவும் கிடையாது. ஊர்வாசலில் நின்ற காவல்காரன் “தள்ளி நில்” என்றான். அவன் எல்லோருக்கும் சொல்வது அதுதான். கதவு முதல் தடவை திறக்கவில்லை, இரண்டாவது தடவை திறந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு மோசமான விளையாட்டுக்குப் போய்.

திரும்பாமலே சொன்னேன்: “நாளைக்கு நான் வண்டி எடுக்கப் போறேன்.”

அவர் நாற்காலியை விட்டுக் கையை எடுத்தார். “டயர்ல காத்து இருக்கான்னு பாக்கணும்,” என்றார்.

மறுநாள் காலையில் தார்ப்பாயை எடுத்தேன். வண்டி ஒன்பது உதைக்குப் பிறகு உயிர்பெற்றது. “போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடுவேன், நடுவுல கூப்பிட்டா எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கரமனைப் பாலம், அப்புறம் கிள்ளிப்பாலம். ஆடுகிற சாக்கடை மூடி அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது, ஒதுங்கிப் போனேன். பஸ்காரன் அதே வளைவில் நடுரோட்டில் நிறுத்தினான். அவனை மனதாரத் திட்டினேன், எவ்வளவு நாளாயிற்று! கிழக்கேகோட்டையில் கடைப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு போனை எடுத்தால் ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. கூப்பிடாதே என்று சொன்னது நான்தான். இருந்தும் சுள்ளென்று கோபம் வந்தது. மனுஷனுக்கு அக்கறை இருந்தால் ஒரு தடவையாவது கூப்பிட மாட்டாரா?

நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“வந்து சேர்ந்துட்டேன்.”

“ம்.”

அவருடைய போனில் பஸ் ஹாரன் கேட்டது. அதே ஹாரன் என் இன்னொரு காதிலும் கேட்டது.

“எங்க நிக்கிறீங்க?”

திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் ஒரு ஆட்டோ நின்றது. கரமனையிலிருந்து என் பின்னாலேயே வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று விறுவிறுவென்று போனேன். நான் வாயைத் திறக்குமுன் ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சேச்சீ, ஈ சாரினெ இனி சேச்சி தன்னெ கொண்டு போய்க்கோ. பதுக்கெ போ, பதுக்கெ போன்னு பறஞ்ஞு என்டெ ஜீவன் எடுத்து.”

வழியெல்லாம் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லி ஆட்டோக்காரரின் உயிரை எடுத்துவிட்டாராம், இனி இந்த ஆளை நானே கூட்டிப்போக வேண்டுமாம். கேட்க வேண்டிய நாலு வார்த்தையையும் கேட்கத்தான் குனிந்தேன். உள்ளே என் கணவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். மடியில், அந்த மழை நாளுக்குப் பிறகு அவர் தொடாத ஹெல்மெட் இருந்தது.

“இறங்குங்க,” என்றேன். “ஆரியசாலையில நான் கொண்டு விடுதேன்.”